தலைக்காப்பும் உழைப்பும்: திருவனந்தபுரம் தரும் பாடம்

உணவு, உடை, உறையுள் என மனிதனின் அடிப்படைத் தேவைகளை மூன்றாக வகுப்பது மரபு. இவற்றுள் உடையைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் இடுப்புக்கும் தோளுக்கும் உரிய துணியையே எண்ணுகிறோம். தலைக்கு உரிய காப்பை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் வெயிலிலும் மழையிலும் நின்று உழைப்பவருக்கு முதலில் வேண்டியது தலைக்காப்பேயாகும். அது தொப்பியாகவோ, தலைப்பாகையாகவோ, ஓலைக்குடையாகவோ, சும்மாடாகவோ, இன்றைய தலைக்கவசமாகவோ இருக்கலாம். வடிவம் எதுவாயினும், அதை யார் அணியலாம், யார் செய்து தருவது, அணிவதை யார் உறுதிசெய்வது என்னும் மூன்று வினாக்கள் என்றும் உடன் வருகின்றன. இவற்றுக்கு விடை காண உதவும் வரலாறு திருவனந்தபுரத்திலும் அதைச் சூழ்ந்த பழைய திருவிதாங்கூர்ப் பகுதியிலும் தெளிவாகக் காணக்கிடைக்கிறது.

மழை தந்த தொழில்

கேரள மாநிலம் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழையைப் பெறுகிறது. தென்கோடியிலுள்ள திருவனந்தபுரத்தில் இது சற்றுக் குறைவு. சுமார் 1,800 மில்லிமீட்டர். ஆயினும் இங்கு ஜூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர், நவம்பர் மாதங்களில் வரும் வடகிழக்குப் பருவமழையும் ஆக இரு பருவங்களிலும் மழை உண்டு. எஞ்சிய மாதங்களில் ஈரப்பதம் மிகுந்த கடும் வெயில். நாற்று நடுவோரும், கட்டுமரத்தில் கடலுக்குச் செல்வோரும், சுமை தூக்குவோரும் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்றால் தலையைக் காத்துக்கொள்ளவேண்டிய நிலை இதனால் ஏற்பட்டது.

இத்தேவையை நிறைவு செய்தது ஓர் உள்ளூர் மரம். மலையாளத்தில் குடப்பனை என்றும் தமிழில் தாளிப்பனை என்றும் வழங்கும் இம்மரத்தின் ஒரே ஓலை ஐந்து மீட்டர் அகலம் வரை விரியக்கூடியது. முப்பது முதல் எண்பது ஆண்டுகள் வரை வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒரு முறை உச்சியில் பெரும் பூங்கொத்தை ஈன்று, காய்த்து, பின்னர் பட்டுப்போவது இதன் இயல்பு. தாவர உலகில் மிகப் பெரிய பூங்கொத்து இதனுடையதே. இதன் தாவரவியல் பெயரிலேயே குடை ஏந்துவது என்னும் பொருள் அடங்கியுள்ளது. ஓலையைத் தகுந்த பருவத்தில் வெட்டி, உலர்த்தி, மூங்கில் பிளாச்சுகளால் ஆன சட்டத்தின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைத்தால் குடை உருவாகிவிடும். கணியர், பாணர் ஆகிய சமூகங்களைச் சேர்ந்த பலர் இதனைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்தனர்.

இவ்வாறு செய்யப்பட்ட குடைகள் இரு வகைப்பட்டன. ஒன்று, கைப்பிடியுள்ள ஓலைக்குடை. மற்றொன்று, பிடியே இல்லாமல், உட்புறத்தில் தலைக்குப் பொருந்தும் வளையத்துடன் அமைந்த தொப்பிக்குடை. பொருளாதார நோக்கில் இவ்வேறுபாடு மிகவும் கவனிக்கத்தக்கது. கைப்பிடியுள்ள குடையைப் பிடிப்பவரின் ஒரு கை அதற்கே செலவாகிவிடுகிறது. எனவே அது நடந்து செல்பவருக்கும், மேற்பார்வை செய்பவருக்கும், பிறர் உழைப்பில் வாழ்பவருக்கும் ஏற்றது. தொப்பிக்குடையோ இரு கைகளையும் வேலைக்கு விட்டுவிடுகிறது. குனிந்து நாற்று நடும் பெண்ணுக்கும், துடுப்பு வலிக்கும் மீனவருக்கும், ஏர் உழுபவருக்கும் அதுவே பொருத்தமானது. தலைக்கும் ஓலைக்கும் இடையே வளையம் ஏற்படுத்தும் இடைவெளியில் காற்று உலாவுவதால் புழுக்கமும் குறைகிறது. செலவோ மிகக் குறைவு. மூலப்பொருள் முழுவதும் உள்ளூரில் கிடைப்பது. கமுகம்பாளையை மடித்துத் தைத்த பாளைத் தொப்பியும் இத்தகையதே. எளிய மக்களின் அனுபவ அறிவு கண்டெடுத்த தொழில்நுட்பத்திற்கு இவை நல்ல எடுத்துக்காட்டுகளாகும்.

யார் அணியலாம்?

பயன்பாட்டுப் பொருளாக இருந்த தலைக்காப்பு, சாதியக் கட்டுப்பாடுகள் மிகுந்த பழைய திருவிதாங்கூரில் ஏற்றத்தாழ்வின் அளவுகோலாகவும் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் குடை பிடித்தல், காலணி அணிதல், பொன்னகை பூணுதல் ஆகியவை தடைசெய்யப்பட்டிருந்தன. தோளில் கிடக்கும் ஒரு துண்டுகூட விதிவிலக்கன்று. மேலோர் எதிரே வரும்போது உழைப்பாளி தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பிலோ கக்கத்திலோ வைத்துக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். துண்டு இருக்கும் இடத்தைக் கொண்டே அதை உடுத்தியவரின் நிலையை அறிந்துகொள்ளலாம் என்னும்படியாகச் சமுதாயம் அமைந்திருந்தது.

இந்நிலையை முதலில் எதிர்த்தவர்களுள் ஒருவர் அய்யா வைகுண்டர் (1809–1851). இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள சாமிதோப்பு அன்று திருவிதாங்கூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அங்குத் தம்மை நாடி வந்த எளிய மக்களைத் தலைப்பாகை அணிந்தே வழிபடுமாறு அவர் பணித்தார். பொதுவாகக் கோயிலுக்குள் நுழைகையில் தலையில் உள்ளதை அகற்றுவதே மரபு. அதற்கு நேர்மாறான இவ்வழக்கத்தின் பொருள் வெளிப்படையானது: முடி என்பது அரசர்க்கு மட்டும் உரியதன்று, ஒவ்வொரு மனிதனும் தன்னளவில் முடிதரித்தவனே என்பதாம். அரசின் ஐயத்திற்கு ஆளான வைகுண்டர் சுவாதித் திருநாள் காலத்தில் திருவனந்தபுரத்திற்குக் கொண்டுவரப்பட்டுச் சிங்காரத்தோப்பில் சிறை வைக்கப்பட்டார். 1839இல் விடுதலை பெற்றார். இன்றும் அய்யாவழிப் பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் ஆண்கள் தலைப்பாகையுடனேயே வழிபடுகின்றனர். தென் திருவிதாங்கூரில் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடைபெற்ற தோள்சீலைப் போராட்டமும், அதன் விளைவாக 1859இல் வெளியான அரசப் பிரகடனமும் இதே காலப்பகுதியைச் சார்ந்தவை.

அரை நூற்றாண்டுக்குப் பின் இக்கோரிக்கை தலைநகரின் வாயிலிலேயே எழுந்தது. திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, பொதுச்சாலையில் நடக்கவும் உரிமையற்றிருந்த புலையர் சமூகத்தைச் சேர்ந்தவர். 1893ஆம் ஆண்டு அவர் வில்வண்டி ஒன்றை வாங்கி, தூய வெள்ளாடை உடுத்தி, தலைப்பாகை தரித்து, தடைசெய்யப்பட்ட சாலையிலே அவ்வண்டியைச் செலுத்தினார். வண்டி, மேலாடை, தலைப்பாகை ஆகிய மூன்றுமே தடைமீறல்களாகும். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தோற்றுவித்த அவர், தம் மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கிடைக்கும்வரை வயலில் இறங்குவதில்லை என்று உழவுத் தொழிலாளர்களைத் திரட்டி வேலைநிறுத்தமும் நடத்தினார். பின்னர் ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினராக நியமனம் பெற்றார். அச்சபை கூடிய விக்டோரியா ஜூபிலி நகர மன்றத்திற்கு 2019ஆம் ஆண்டில் கேரள அரசு அய்யன்காளி மண்டபம் எனப் பெயர் சூட்டியது.

திருவனந்தபுரம் நகரில் இரண்டு சிலைகள் இவ்வரலாற்றைச் சுருங்கச் சொல்கின்றன. தலைமைச் செயலகத்தின் எதிரே, தன் பெயரையே அந்தச் சந்திப்புக்குத் தந்த சிலையாக, 1872 வரை திவானாக இருந்த சர் டி. மாதவ ராவ் தலைப்பாகையுடன் நிற்கிறார். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள வெள்ளையம்பலத்தில், 1980இல் பிரதமர் இந்திரா காந்தி திறந்துவைத்த அய்யன்காளியின் சிலையும் தலைப்பாகையுடன் நிற்கிறது. முன்னவர்க்குப் பதவியோடு வந்தது தலைப்பாகை. பின்னவரோ அதைத் தாமே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். வளர்ச்சி என்பது வருவாய்ப் பெருக்கம் மட்டுமன்று, மதிப்போடு வாழும் உரிமையும் சேர்ந்ததே என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை.

யார் செய்வது?

அணியும் உரிமை பரவலான காலத்திலேயே, பழைய தலைக்காப்புகளைச் செய்யும் தொழில் நலியத் தொடங்கியது. இதற்கு மூன்று காரணங்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, துணிக்குடையின் வருகை. மடக்கி எடுத்துச் செல்லக்கூடிய துணிக்குடை, நகரத்திலிருந்து கிராமம் வரை ஓலைக்குடையை அகற்றியது. கேரளத்தில் இத்தொழில் ஆலப்புழையில் வேரூன்றியது. தய்யில் ஆபிரகாம் வர்கீஸ் 1954ஆம் ஆண்டு தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் குடை நிறுவனம் 1995இல் மூடப்பட்டு, அதன் வழித்தோன்றல்களாகப் பாப்பி, ஜான்ஸ் என்னும் இரு பெயர்கள் வளர்ந்தன. ஜூன் மாதத்தில் பள்ளி திறப்பும் பருவமழையும் ஒன்றுசேர்ந்து வருவதால், அதையொட்டிக் குடை விற்பனை பெருகுவது கேரளச் சந்தையின் இயல்பாகிவிட்டது. ஒரு கைத்தொழில் மறைந்த இடத்தில் வேறொரு தொழில் வளர்ந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் புதிய தொழில் அளித்த வேலைவாய்ப்பு, பழைய தொழிலை இழந்தவருக்கே கிடைத்தது என்று கொள்ளலாகாது. ஓலை முடைந்தவர் வேறு. துணி தைத்தவர் வேறு.

இரண்டாவது காரணம், நெல்வயல்களின் சுருக்கம். 1974–75ஆம் ஆண்டில் கேரளத்தில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் பயிரிடப்பட்டது. அண்மை ஆண்டுகளில் அது ஏறத்தாழ இரண்டு லட்சம் ஹெக்டேராகக் குறைந்துவிட்டது. வயல்கள் தென்னந்தோப்புகளாகவும் ரப்பர்த் தோட்டங்களாகவும் வீட்டுமனைகளாகவும் மாறின. எஞ்சியதைக் காக்கவே 2008இல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நாற்று நடுபவர் குறைந்தபோது தொப்பிக்குடைக்கான தேவையும் குறைந்தது. ஒரு பண்டத்தின் தேவை மற்றொன்றின் தேவையைச் சார்ந்து நிற்பதைப் பொருளாதாரம் பயிலும் மாணவர் இங்குக் கண்கூடாகக் காணலாம்.

மூன்றாவது, மூலப்பொருளின் அருமை. நட்டவர் தம் வாழ்நாளில் பூப்பதைக் காண்பாரா என்பதே ஐயமான மரத்தை, மனை விலை ஏறிவரும் ஊரில் எவரும் விரும்பி வளர்ப்பதில்லை. பூத்தபின் மரம் பட்டுவிடுவதால், புதிதாக நடாத இடங்களில் ஓலை கிடைப்பது தானே குறைந்துவிடுகிறது.

இன்று ஓலைக்குடை பெரும்பாலும் கோயில் விழாக்களிலும் ஓணக் காலத்து மாவேலி வேடத்திலும் அலங்காரப் பொருளாகவும் மட்டுமே காணப்படுகிறது. சடங்கில் ஒரு பொருள் நிலைத்திருப்பது நன்றே. ஆனால் ஆண்டில் சில நாள் தேவையைக் கொண்டு ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் பிழைக்க இயலாது.

உலகின் பிற பகுதிகளில் நிலைமை எங்கும் இவ்வாறில்லை. வியட்நாமில் ஓலையாலான கூம்புத் தொப்பி இன்றும் வயலிலும் சந்தையிலும் அன்றாடப் பொருளாக உள்ளது. தென்னமெரிக்க நாடான எக்வடாரில், ஒருவகை ஓலை நாரால் முடையப்படும் தொப்பி, பனாமா வழியாக ஏற்றுமதியானதால் பனாமாத் தொப்பி என்னும் பெயரில் உலகப் புகழ் பெற்றது. அதனை முடையும் மரபுக் கலையை 2012இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. அங்கும் அது எளியோரின் வெயில் தொப்பியாக இருந்ததுதான். ஆங்கில ஆட்சியின்போது அதிகாரிகள் அணிந்த 'சோலா' தொப்பியும் நம் நாட்டுக் குளக்கரைகளில் வளரும் நெட்டியால் செய்யப்பட்டதே. தாழை ஓலையால் பாய் முடைவதில் சிறந்த கைத்திறன் கொல்லம் மாவட்டத்தின் தழவா போன்ற ஊர்களில் இன்றும் உள்ளது. அத்திறன் பைகளுக்கும் தொப்பிகளுக்கும் பயன்படக்கூடியதே. எனவே கைவினைஞரிடம் திறமை இல்லை என்பதோ, மூலப்பொருள் தாழ்ந்தது என்பதோ சிக்கலன்று. வடிவமைப்பு, சந்தை, தொடர்ச்சியான தேவை ஆகியவையே குறைபாடுகள்.

தலைமேல் சுமை

தலையைக் காப்பது ஒருபுறமிருக்க, தலையையே கருவியாக்கி உழைப்போர் மற்றொருபுறம் உள்ளனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ராஜா கேசவதாஸ் நிறுவிய சாலைக் கடைத்தெருவில் இன்றும் சுமைத் தொழிலாளர்கள் மூட்டைகளைத் தலையில் ஏற்றிச் செல்கின்றனர். விழிஞ்ஞம், பூந்துறை போன்ற கடலோர ஊர்களிலிருந்து பெண்கள் மீன் கூடைகளைத் தலையில் சுமந்து வீதிதோறும் விற்றது நகர வாழ்வின் ஓர் அங்கமாகவே இருந்துவந்துள்ளது. இவர்கள் அணிவது துண்டைச் சுருட்டி வளையமாக்கிய சும்மாடு. பாரத்தை ஒரே புள்ளியில் அழுத்தவிடாமல் பரவச் செய்வது அதன் பணி. ஆயினும் கழுத்தெலும்பும் முதுகெலும்பும் தாங்கவேண்டிய எடையைச் சும்மாடு குறைத்துவிடுவதில்லை.

இத்தொழிலாளர்களின் வேலை, கூலி, நலன் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் நோக்குடன் கேரளச் சுமைத் தொழிலாளர் சட்டம், 1978 இயற்றப்பட்டது. அமைப்புசாராத் தொழிலாளருக்கென நல வாரியம் காணும் முயற்சிகளில் அது குறிப்பிடத்தக்கது. வளர்ந்த ஆண் தொழிலாளி கையால் சுமக்கும் பாரம் 55 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967ஆம் ஆண்டுப் பரிந்துரையில் கூறியது. மூட்டையின் எடையைக் குறைப்பது, தள்ளுவண்டியைப் புகுத்துவது ஆகிய எளிய மாற்றங்கள் எந்தச் சும்மாட்டையும்விட மிகுந்த பயன் தரும். எனினும் சங்கம் அமைத்த ஆண் தொழிலாளருக்குக் கிட்டிய பாதுகாப்பு, தனித்தனியே கூடை சுமக்கும் பெண்களை அதே அளவில் எட்டவில்லை என்பது எண்ணத்தக்கது.

யார் உறுதிசெய்வது?

புதிய காலத்தின் தலைக்காப்பு தலைக்கவசம். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 129ஆம் பிரிவு இருசக்கர வண்டியில் செல்வோர் இந்தியத் தரத்திற்கேற்ற தலைக்கவசம் அணியவேண்டும் என்று விதிக்கிறது. தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு அதே பிரிவு விலக்கும் அளிக்கிறது. தலையில் அணிவது மானத்தின் அடையாளமாகவும் இருக்கக்கூடும் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டமைக்கு இது சான்று.

இவ்விதியின் இன்றியமையாமையைப் புள்ளிவிவரங்கள் உணர்த்துகின்றன. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாத நிலையில் இறந்தோர் மட்டும் 50,029 பேர்; இவர்களில் 14,337 பேர் பின்னிருக்கையில் அமர்ந்தவர்கள். தரமான தலைக்கவசம் உயிரிழப்பு வாய்ப்பைச் சுமார் 40 விழுக்காடும், தலைக்காயத்தைச் சுமார் 70 விழுக்காடும் குறைக்கும் என்பது ஆய்வுகளின் முடிவு. இறந்தவர் பெரும்பாலும் குடும்பத்தின் வருவாயை ஈட்டுபவராக இருப்பதால், ஒரு கவசத்தின் விலையையும் ஒரு குடும்பத்தின் வீழ்ச்சியையும் ஒப்பிடும்போது எது சிக்கனம் என்பதை விளக்கவேண்டியதில்லை.

கேரளத்தில் 2019 டிசம்பர் முதல் பின்னிருக்கையில் அமர்வோருக்கும் தலைக்கவசம் கண்டிப்பாக்கப்பட்டது. 2023 ஜூன் மாதம் முதல், சாலைகளில் நிறுவப்பட்ட 726 செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களைக் கொண்டு விதிமீறல்களைக் கண்டறிந்து தண்டம் விதிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. தரமற்ற கவசங்களின் விற்பனையைத் தடுக்க, 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையை மத்திய அரசு கட்டாயமாக்கியது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கும் கவசம் தேவை என்னும் விதி 2022இல் வகுக்கப்பட்டது. தண்டத்திற்கு அஞ்சி அணிவதும் அணிவதே. ஆனால் கன்னப்பட்டையைப் பூட்டாமல் தலையில் கவிழ்த்துக் கொள்ளும் கவசம் கேமராவை ஏமாற்றலாம். கீழே விழும்போது தலையைக் காக்காது.

கட்டடத் தொழிலில் நிலைமை இன்னும் கடினமானது. தலைக்கவசம் முதலிய காப்புப் பொருள்களைத் தொழிலாளிக்குத் தருவது வேலை தருவோரின் கடமை என்பது 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டத்தாலும், 2020இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பாலும் வலியுறுத்தப்பட்ட கொள்கை. வெளி மாநிலங்களிலிருந்து கேரளம் வந்து உழைப்போர் பலரும் இத்துறையில் உள்ளனர். வேற்று மொழி பேசும் ஊரில், நாட்கூலிக்கு வேலை செய்பவர் தமக்குரிய கவசத்தைக் கேட்டுப் பெறுவார் என்று எதிர்பார்ப்பது முறையாகாது. எனவே ஆய்வாளரின் பொறுப்பு இங்கு மிகுதி.

வெயிலும் இன்று ஒரு தொழில் ஆபத்தாகக் கருதப்படுகிறது. கோடைக்காலத்தில் திறந்தவெளியில் வேலை செய்வோருக்கு நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு அளிக்கும் வகையில் வேலை நேரத்தை மாற்றியமைத்து ஆணையிடுவது கேரளத் தொழிலாளர் துறையின் வழக்கம். 2019இல் வெப்ப அலையும் வெயில் தாக்குதலும் மாநிலப் பேரிடர்களாக அறிவிக்கப்பட்டன. தொப்பிக்குடை தீர்த்துவைத்த சிக்கல், தொப்பிக்குடை மறைந்தபின் மேலும் கடுமையாகத் திரும்பி வந்துள்ளது.

செய்யத்தக்கவை

இவற்றிலிருந்து சில முடிவுகள் புலப்படுகின்றன. சாலைப் பணி, துப்புரவுப் பணி, வாய்க்கால் பணி ஆகியவற்றில் ஈடுபடுவோருக்கு வெயில் தொப்பி வழங்குவதை உள்ளாட்சி அமைப்புகள் தம் செலவுத் திட்டத்தில் சேர்க்கலாம். அத்தொப்பிகளை ஓலை, தாழை முடையும் கைவினைஞர் கூட்டுறவுகளிடமிருந்து வாங்கினால், ஒரே செலவில் ஒருவருக்குக் காப்பும் மற்றொருவருக்கு வேலையும் கிட்டும். ஓலையின் காற்றோட்டத்தையும் எளிய எடையையும் கெடுக்காமல், உறுதியும் தோற்றமும் கூட்டும் வடிவமைப்பைத் தொழிற்கல்வி நிலையங்கள் ஆராயலாம். அரசுப் புறம்போக்குகளிலும் கல்லூரி வளாகங்களிலும் தாளிப்பனையை நடலாம். நடுபவருக்கன்றி அடுத்த தலைமுறைக்குப் பயன் தரும் மரத்தைத் தனியாரைவிட அரசே நடவேண்டும்.

ஒரு காலத்தில் தலையில் துண்டு கட்டியதற்காக உழைப்பாளி தண்டிக்கப்பட்டார். இன்று தலையில் கவசம் அணியாததற்காகத் தண்டம் விதிக்கப்படுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாற்றம் சிறிதன்று. அனைவரும் தலையைக் காத்துக்கொள்ளலாம் என்னும் உரிமை கிடைத்துவிட்டது. அந்த உரிமையைப் பயன்படுத்தும் வசதியை வயலிலும் கடலிலும் சந்தையிலும் சாரத்தின் மேலும் நிற்கும் கடைசி உழைப்பாளிவரை கொண்டுசேர்ப்பதே எஞ்சியுள்ள பணியாகும்.